அவள் ஏன் அப்படிச் செய்தாள்? காதல் மாங்காவில் குறையுள்ள மனிதர்கள்

பழைய மர வீடு ஒன்று. அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் ஓர் இளம்பெண். அவள் கட்டியிருக்கும் ஏப்ரனில் ஒரு கோழிக்குஞ்சின் படம், கூடவே 'பியோ பியோ' என்று எழுத்து. ஜப்பானியர் காதில் குஞ்சு கத்துவது அப்படித்தான் கேட்கும். அந்த வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நாயும் உண்டு. அதை அவள் 'சோய்ச்சிரோ சான்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள். அது இறந்துபோன அவள் கணவனின் பெயர். அவளுக்கு வயது 22.

இது 'மேஸோன் இக்கோக்கு' என்ற மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. ரூமிகோ தகஹாஷி 1980இல் எழுதி வரையத் தொடங்கி 1987இல் முடித்தார். புத்தகமாக 15 தொகுதிகள். காதல் மாங்காவில் உணர்ச்சி ஆழம், குறையுள்ள பாத்திரங்கள் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன என்று புதிதாகப் படிக்க வருகிறவர் கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த நாயைத்தான். வாசலில் அவள் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அதே வீட்டின் மாடியில் ஐந்தாம் எண் அறையில் குடியிருக்கும் ஒருவன் காதிலும் அது விழுகிறது. அவளை விரும்புகிறவன் அவன். போட்டியாளன் இறந்துவிட்டான், ஆனால் அவன் பெயரை நாள்தோறும் யாரோ அன்போடு கூப்பிடுகிறார்கள். கதாசிரியர் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. நாய் ஓடிவருகிறது, அவ்வளவுதான்.

மேலே போவதற்கு முன், மாங்காவே புதிது என்பவர்களுக்குச் சில விஷயங்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். வார இதழிலோ மாத இதழிலோ அத்தியாயம் அத்தியாயமாக வந்து, பிறகு தொகுதிகளாக அச்சாகும். ஷோஜோ, ஷோனென், ஜோசெய், செய்னென் என்று சொல்வதெல்லாம் கதையின் வகை இல்லை. அந்த இதழ் யாரை மனதில் வைத்து வருகிறது என்பதைத்தான் சொல்கின்றன: பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள், வளர்ந்த பெண்கள், வளர்ந்த ஆண்கள். ஆகவே காதல் கதை நான்கிலும் வரும். மேஸோன் இக்கோக்கு வந்தது ஆண்களுக்கான இதழில். கதை முடிவுகள் சிலவற்றை இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, குறை என்றால் என்ன? நாயகி அடிக்கடி கால் தடுக்கி விழுவாள், சமைக்கத் தெரியாது, காலையில் எழவே மாட்டாள். இப்படி ஒரு பட்டியலைப் பல காதல் கதைகளில் பார்க்கலாம். இவற்றை நான் குறை என்று எண்ணுவதில்லை. இவை அவளை இன்னும் கொஞ்சம் செல்லமாகக் காட்டுவதற்கான பொட்டும் பூவும். நாயகன் 'யாரிடமும் பேச மாட்டான், கடுகடுவென்று இருப்பான்' என்பதும் பெரும்பாலும் அதே ரகம். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்தக் குணத்தால் கதைக்குள் யாருக்காவது நஷ்டம் உண்டா? யாராவது அழுதார்களா, யாருடைய வருடங்களாவது வீணாயினவா? உண்டு என்றால் அது குறை. அந்த நஷ்டத்தைக் கதை மறக்காமல் வைத்துக்கொண்டு, அதைச் செய்தவரையும் நாம் வெறுத்துவிடாதபடி காட்டினால் ஆழம் அங்கேதான் தொடங்குகிறது.

மேஸோன் இக்கோக்குவுக்கே வருவோம். அந்தப் பெண்ணின் பெயர் கியோகோ ஒதொனாஷி. வீட்டின் பொறுப்பாளர் வேலை பார்க்கிறாள். மாடியில் இருப்பவன் யூசாகு கோதாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருப்பவன். ஜப்பானில் இப்படிப்பட்ட மாணவர்களை 'ரோனின்' என்பார்கள். தலைவனை இழந்து ஊர் சுற்றிய சாமுராய்க்கு இருந்த பெயர் அது. அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர்களில் எல்லாம் ஓர் எண் ஒளிந்திருக்கும். கோதாயின் பெயரில் ஐந்து. கியோகோவின் குடும்பப் பெயரில் இருப்பது 'இல்லை' என்று பொருள்படும் எழுத்து, அதாவது சுழியம். அந்தப் பெயர் அவளுக்குக் கணவன் வழியாக வந்தது.

கியோகோ அன்பானவள், பொறுப்பானவள். கூடவே பொறாமைக்காரி, பிடிவாதக்காரி. கோதாய்க்கு கோஸுவே என்று ஒரு தோழி இருக்கிறாள். அவளோடு அவன் வெளியே போனது தெரிந்தால் கியோகோ முகம் மாறிவிடும். ஊடுவதற்கு ஓர் உரிமை வேண்டும் அல்லவா? அந்த உரிமை தனக்கு இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே ஊடுகிறாள் இவள். 'எனக்கென்ன, நீங்கள் யாரோடு போனால் என்ன' என்ற தோரணையில் பேசுவாள், அடுத்த சில நாட்களுக்கு வாசலில் துடைப்பம் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்கும். இன்னொரு பக்கம் மிதாகா என்ற டென்னிஸ் பயிற்சியாளர் அவளை மணக்கக் கேட்கிறார். அவருக்கும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வருடக்கணக்காக.

முதல் முறை படித்தபோது எனக்கு அவள் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு ஏன் இத்தனை இழுபறி? இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று புரிந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட முழுதாக வாழாமல் கணவன் போய்விட்டான். இப்போது இன்னொருவனை விரும்புகிறேன் என்று ஒப்புக்கொண்டால், முன்பு விரும்பியது பொய்யா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைச் சந்திக்க அவளுக்குத் துணிவில்லை. பொறாமை, பிடிவாதம், இழுத்தடிப்பு எல்லாம் அந்த ஒரு பயத்தின் கிளைகள்.

தகஹாஷி இதற்கு ஒரு வேலை செய்திருக்கிறார். சோய்ச்சிரோவின் முகத்தைக் கதையில் எங்குமே காட்டுவதில்லை. பழைய நினைவுகளில் வந்தாலும் முகம் நிழலில் இருக்கும். அவன் எப்படி இருந்தான் என்று கோதாய்க்கும் நமக்கும் தெரியாது. கியோகோவுக்கு மட்டும் தெரியும். அவளுடைய தனிமை எவ்வளவு பெரியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இந்த நிழல் அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

கோதாயின் குறை வேறு மாதிரி. அவனுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. கோஸுவேயிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பி, அவள் சிரித்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரக்க குணம். ஆனால் அந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பவள் கோஸுவே. ஒரு தப்பும் செய்யாதவள், வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். இந்தக் கதையை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: நாயகனின் நல்ல குணமும் கெட்ட குணமும் இரண்டு வேறு பெட்டிகளில் இல்லை. அவளைக் காயப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற அதே மனம்தான் அவளைக் காயப்படுத்துகிறது.

தொடராக வருவதால் கிடைக்கும் பலனையும் இங்கே பார்க்கலாம். இதழில் ஏழு வருடம் ஓடிய கதையில், கதைக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஓடுகிறது. கோதாய் படித்து முடித்து, வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் மழலையர் பள்ளி ஆசிரியராகத் தேறுகிறான். இரண்டு மணி நேரத்தில் முடிகிற கதையில் ஒருவர் தன் குறையை உணர்ந்து திருந்த ஒரு பாட்டு நேரம்தான் கிடைக்கும். இங்கே திருந்துவதற்கு உண்மையிலேயே வருடங்கள் பிடிக்கின்றன. நடுவில் பலமுறை பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறார்கள், நம் வீடுகளில் நடப்பது போலவே.

உள்மனதைக் காட்டுவதற்கு மாங்காவிடம் வேறு கருவிகளும் உண்டு. அவற்றில் பலவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 1970களில் எழுதிய பெண் ஓவியர்கள். மோதோ ஹாகியோ, கேய்கோ தகேமியா, யுமிகோ ஒஷிமா போன்றவர்களை 'இருபத்துநான்காம் ஆண்டுக் குழு' என்பார்கள். ஷோவா 24, அதாவது 1949ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் பக்கத்தின் கட்டங்களை உடைத்தார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மனதுக்குள் ஓடும் வார்த்தைகளைப் பேச்சு பலூனிலிருந்து வெளியே எடுத்து வெற்றிடத்தில் மிதக்கவிட்டார்கள். பலூனுக்குள் இருப்பது மற்றவர்களுக்குக் கேட்கும். வெளியே மிதப்பது நமக்கு மட்டும் கேட்கும். ஒரே பக்கத்தில் பலூனில் 'பரவாயில்லை' என்றும், அதற்கு வெளியே 'போகாதே' என்றும் இருந்தால், அந்த இடைவெளியில்தான் அந்தப் பாத்திரம் வாழ்கிறது. ஷோஜோ மாங்கா படிக்கும்போது இதை மட்டும் கவனித்துப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

இந்தக் கருவியை ஆய் யாஸாவா 'நானா'வில் பயன்படுத்திய விதம் என்னை இன்னும் விட்டபாடில்லை. 2000இல் தொடங்கிய கதை. டோக்கியோ போகும் ரயில் பனியில் நின்றுவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள், இருவருக்கும் வயது 20, இருவர் பெயரும் நானா. பிறகு 707ஆம் எண் வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். ஒருத்தி ராக் பாடகி, மகா ரோஷக்காரி. சிறுவயதிலேயே தாய் விட்டுப்போனவள். இன்னொருத்திக்கு வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனால் யாராவது தன்னை விரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாய்க்குட்டி போல ஒட்டிக்கொள்வதால் பாடகி அவளுக்கு 'ஹாச்சி' என்று பெயர் வைக்கிறாள்.

கதை நெடுக ஒரு குரல் வரும். பல வருடம் கழித்து ஹாச்சி, நானாவை விளித்துப் பேசுகிற குரல். கட்டத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அதே பக்கத்தில் இந்தக் குரல் அந்த நாளை எட்டாத தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். என்னவோ நடந்து பிரிந்துவிட்டார்கள் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் அவர்கள் செய்யும் ஒவ்வொரு சின்னத் தவறும் மனதைக் கலக்குகிறது.

ஹாச்சியை நிறைய பேர் திட்டுவார்கள். திட்டத்தான் தோன்றும். தகுமி என்பவன் பெண் விஷயத்தில் மோசமானவன் என்று தெரிந்தே அவனோடு போகிறாள். பிறகு நொபு என்ற நல்லவனைக் காதலிக்கிறாள், அந்த நேரத்தில் கர்ப்பம் தெரியவருகிறது. யாருடைய குழந்தை என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே யாஸாவா செய்வதைக் கவனியுங்கள். அன்பான நொபு நிலைகுலைந்து நிற்கிறான். பொல்லாத தகுமி, குழந்தை தன்னுடையதோ இல்லையோ தான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். அன்புக்கும் பொறுப்புக்கும் நடுவில் ஒரு பெண் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, பொறுப்பு இருக்கும் பக்கத்தில் நம்பிக்கை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் உடைவார்கள். அவள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இடத்தில், அந்த வயதில், கையில் காசில்லாமல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் உடல்நலம் குன்றியதால் 2009இல் தொடர் 21 தொகுதிகளோடு நின்றுபோனது. முடிவே இல்லாத அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குறையுள்ள பாத்திரம் என்பதும், கெட்ட நடத்தைக்கு மன்னிப்புச் சீட்டு கொடுப்பதும் ஒன்றல்ல. காதல் மாங்காவில் இந்த இரண்டாவது சரக்கும் ஏராளம். பெண்ணைச் சுவரோடு ஒதுக்கி, கையைச் சுவரில் 'டொன்' என்று அடித்து நாயகன் பேசுவான். இதற்கு 'கபெடொன்' என்றே பெயர் இருக்கிறது, 2014இல் அந்தச் சொல் ஜப்பானில் அந்த ஆண்டின் பரபரப்புச் சொற்களில் ஒன்றாகத் தேர்வானது. பல கதைகளில் அவள் பயந்ததைப் பற்றி மேற்கொண்டு பேச்சே இருக்காது, வெட்கம் மட்டும்தான் வரையப்பட்டிருக்கும். நானாவிலும் தகுமி முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் இடம் உண்டு. ஆனால் அங்கே அது காதலாகப் பூசி மெழுகப்படுவதில்லை. அந்தக் காயம் கதையில் தங்கிவிடுகிறது. படிக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: அடிபட்டவரின் முகத்துக்குக் கதை ஒரு கட்டம் ஒதுக்குகிறதா?

அப்படி ஒதுக்குகிற கதைக்கு யோஷிதொகி ஒயிமாவின் 'எ சைலன்ட் வாய்ஸ்' நல்ல உதாரணம். 2013-14இல் வந்தது, 7 தொகுதிகள்தான். முழுக்கக் காதல் கதை என்று சொல்ல முடியாது, ஆனால் காதல் அதன் நடுவில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஷோயா என்ற பையன், காது கேளாத ஷோகோவைக் கொடுமைப்படுத்துகிறான். அவளுடைய காதொலிக் கருவிகளைப் பிடுங்கி எறிகிறான். அந்தக் கருவிகளுக்கு அவன் அம்மா கொடுக்கும் பணம் 17 லட்சம் யென். குறையின் விலை என்று சொன்னேனே, இங்கே அது நேராக எண்ணாகவே வருகிறது. வளர்ந்த பிறகு ஷோயா வேலை பார்த்து அந்தத் தொகையைச் சேர்த்து அம்மாவிடம் கொடுக்கிறான். பணம் அடைந்துவிடுகிறது, மற்றது அடையவில்லை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாதவனாக அவன் இருக்கிறான். அதைக் காட்ட, சுற்றியிருப்பவர்களின் முகங்கள் மேல் பெரிய பெருக்கல் குறி வரையப்பட்டிருக்கிறது. யாரோடாவது நட்பு உண்டானால் அந்த முகத்திலிருந்து குறி கழன்று விழும்.

பாதிக்கப்பட்ட ஷோகோவையும் ஒயிமா பொம்மையாக விட்டுவிடவில்லை. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பது, சிரித்து மழுப்புவது, தன்னால்தான் எல்லாருக்கும் கஷ்டம் என்று நினைப்பது அவளுடைய வழக்கம். இது அவளைக் கடைசியில் எவ்வளவு ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பதைக் கதையே சொல்லட்டும். நடுவில் ஒரு காட்சி மட்டும். தன் மனதைச் சொல்ல அவள் முடிவு செய்கிறாள். சைகையில் சொல்லியிருந்தால் ஷோயாவுக்குத் தெளிவாகப் புரிந்திருக்கும், அவளுக்காகவே சைகை மொழி கற்றவன் அவன். ஆனால் அவள் தன் குரலால் சொல்ல விரும்புகிறாள். 'சுகி' என்கிறாள். பிடித்திருக்கிறது என்று பொருள். அவன் காதில் அது 'ட்சுகி' என்று விழுகிறது. நிலா. அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறான். அவள் ஓடிவிடுகிறாள். அவளுடைய தைரியம், அவனுடைய மந்தம், இருவருக்கும் நடுவில் இருக்கும் மௌனம் எல்லாம் ஓர் எழுத்து வித்தியாசத்தில் வந்துவிட்டது.

இவ்வளவு கனம் வேண்டாம், சிரித்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்றால் மஸாமி ட்சுதாவின் 'கரே கனோ' இருக்கிறது. யுகினோ என்ற மாணவி பள்ளியில் அடக்கம், அழகு, முதல் மதிப்பெண். எல்லாம் புகழுக்காக. வீட்டில் பழைய விளையாட்டு உடையும் கண்ணாடியுமாகக் கிடப்பாள். ஒருநாள் வாசல் மணி அடிக்கிறது, தங்கை என்று நினைத்து ஓர் உதை விடுகிறாள். நிற்பது வகுப்புத் தோழன் அரிமா. அவனும் சாதுப் பையன் இல்லை, அந்த ரகசியத்தை வைத்து அவளை மிரட்டித் தன் வேலைகளைச் செய்யவைக்கிறான். போகப் போக அவனுடைய நல்ல பிள்ளை வேஷத்துக்குக் கீழே இருக்கும் காரணம் தெரியவரும்போது சிரிப்பு நின்றுவிடும்.

புதிதாகப் படிக்கிறவர் எதில் தொடங்கினாலும் சரி, ஒரு தொகுதியை முடித்ததும் நாயகன் நாயகியை விட்டுவிட்டு, அவர்களால் இழந்தவர் யார் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோஸுவே போல ஒருவர் அநேகமாக இருப்பார். அவருக்கு ஆசிரியர் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார் என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மேஸோன் இக்கோக்குவின் கடைசித் தொகுதியில், கோதாய் மணக்கக் கேட்கும்போது கியோகோ ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறாள். ஒரே ஒரு நாளாவது தனக்குப் பிறகும் அவன் உயிரோடு இருக்க வேண்டும், தன்னால் இனிமேல் தனியாக வாழ முடியாது என்று. ஏழு வருட இழுத்தடிப்புக்கும் அடியில் கிடந்தது அதுதான். பிறகு கல்யாணத்துக்கு முன்னால், கோதாய் யாருக்கும் சொல்லாமல் சோய்ச்சிரோவின் கல்லறைக்குப் போகிறான். இவ்வளவு காலம் உங்கள் மேல் பொறாமைப்பட்டேன் என்று அந்தக் கல்லிடம் ஒப்புக்கொள்கிறான். கியோகோ உங்களை மறக்க மாட்டாள், ஆகவே உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். அந்த வார்த்தைகள் கியோகோ காதிலும் விழுகின்றன. அங்கே வந்துவிட்டிருக்கிறாள், அவனுக்கு அது தெரியாது. சோய்ச்சிரோவின் முகம் அதற்குப் பிறகும் நமக்குக் காட்டப்படுவதில்லை.